மருந்து இல்லாத பக்கம்

“கையெழுத்துப் போட மாட்டேன், மேடம்” என்றாள் எலிக்காரி.

கூட்டம் முடிந்து எல்லோரும் காகிதங்களை அடுக்கிக்கொண்டு எழுந்திருக்கிற நேரம் அது. பாதி எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். துறைத்தலைவி மட்டும் உட்கார்ந்தபடியே இருந்தார். தலை நரைக்கிற வரைக்கும் புற்றுநோயையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷி. யாராவது எதிர்த்துப் பேசினால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இப்போதும் துடைத்தார்.

“ஏன் போட மாட்டே?”

“ஏன்னு இன்னும் தெரியல. தெரிஞ்சதும் சொல்றேன்.”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். சிரிப்புக்குப் பயந்தவள் என்றால் எலிக்காரி இந்தத் தொழிலுக்கே வந்திருக்க மாட்டாள்.

அந்தப் பெயர் தம்பி வைத்தது. கதவில் எழுதியிருக்கிற பெயர் நீளமானது, முன்னால் டாக்டர் வேறு. ஆனால் சுண்டெலிகளோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தம்பி கேட்பான். “உங்க அக்கா எலி மருந்து செய்யறாங்களாமே?” என்று விசாரித்த பக்கத்து வீட்டு அம்மாவிடம், “ஆமா, கரப்பான் தொல்லை இருந்தாலும் சொல்லுங்க” என்று சொல்லி அனுப்பியவனும் அவன்தான்.

அவள் வளர்ப்பது சாதாரணச் சுண்டெலி இல்லை. கருவிலேயே ஒரு மரபணுவை மாற்றிவைத்த இனம். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன அல்லவா, அவை தேவைப்படும்போது பெருகி, போதும் என்றால் நிற்கவேண்டும். இந்த எலிகளின் உடம்பில் போதும் என்று சொல்ல ஆளே கிடையாது. அணுக்கள் பெருகிக்கொண்டே போகும். கழுத்திலும் அக்குளிலும் நெறிகட்டும். கடைசியில் எலி மூலையில் சுருண்டு உட்கார்ந்துவிடும். மனிதனுக்கு வந்தால் அதற்கு லிம்ஃபோமா என்று பெயர், நிணநீர்ப் புற்றுநோய். அந்த நோயை எலிக்குப் பிறவியிலேயே கொடுத்துவிட்டு, பிறகு அதற்கே மருந்தையும் கொடுத்துப் பார்ப்பது. கேட்பதற்குக் கொடுமையாக இருக்கும். கொடுமைதான். அதை மூடிமறைத்துப் பேச எலிக்காரிக்கு வராது. ஆனால் மருந்து என்ன வானத்திலிருந்தா விழுகிறது?

சரி, கூட்டத்துக்கு வருவோம். திரையில் இரண்டு கோடுகள் இருந்தன. மருந்து கொடுத்த எலிகள் சிவப்பு, மருந்து கலக்காத வெறும் கரைசலைக் கொடுத்தவை நீலம். எலி சாகச் சாகக் கோடு இறங்கும். மருந்து வேலை செய்தால் நீலம் மளமளவென்று இறங்க, சிவப்பு மேலேயே நிற்கவேண்டும். இங்கே இரண்டும் கைகோத்துக்கொண்டு நடந்தன.

“வித்தியாசமே இல்ல” என்று துறைத்தலைவி ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தார். “அதுவும் குடுக்கறதுல பாதிக்கு மேல உடம்புல ஒட்டாம அப்படியே புழுக்கையில வெளிய வந்துடுது. இந்த மருந்தைக் கட்டி அழுதது போதும். திங்கட்கிழமை எலிங்க இருக்கற அறை வேற குழுவுக்குப் போகுது. மிச்சம் இருக்கற எலிங்களை அதுக்குள்ள முடிச்சுடுங்க.”

முடிப்பது என்றால் பெட்டிக்குள் விட்டுக் கரியமில வாயுவைத் திறப்பது. அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அதற்கு ஒரு விதி உண்டு. பரிசோதனைக்குப் பொறுப்பானவர் கையெழுத்துப் போடாமல் ஓர் எலியைக்கூட முடிக்கக் கூடாது. பொறுப்பானவர் மறுத்தால் விஷயம் விலங்குக் குழுவுக்குப் போகும், அந்தக் குழு ஆளாளுக்கு நேரம் பார்த்துக் கூடித்தான் முடிவு சொல்லும். இதுவரை யாரும் மறுத்ததில்லை. எதற்கு மறுப்பது? எலிதானே.

“மருந்தே குடுக்காத எலிங்க ஏன் மேடம் இன்னும் உயிரோட இருக்கு?” என்றாள் எலிக்காரி. “இந்த இனத்துக்கு இதுக்குள்ள கழுத்து வீங்கி, கதை முடிஞ்சிருக்கணும். ரெண்டு கோடும் ஒண்ணா போறதை எல்லாரும் பாக்கறோம். ரெண்டும் இவ்வளவு மெதுவா போறதை யாரும் பாக்கலையே.”

“இனம் நீர்த்துப் போச்சு. தலைமுறை தாண்டத் தாண்ட மாத்தின மரபணுவோட வேகம் குறையறது புதுசா? உனக்குத் தெரியாததா?”

புதுசில்லைதான். அப்படியும் நடக்கும். ஆனாலும் துறைத்தலைவி நீட்டிய பேனாவை வாங்காமல் எலிக்காரி வெளியே வந்துவிட்டாள். படியிறங்கும்போது காது இரண்டும் சூடாகிவிட்டது. அடித்துப் பேசிவிட்டாளே தவிர, கையில் ஒன்றும் கிடையாது.

வீட்டில் தம்பி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். நகரப் பேருந்து ஓட்டுகிறவன். ஓட்டிக்கொண்டிருந்தவன் என்று சொல்லவேண்டும், ஆனால் அப்படிச் சொன்னால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். கழுத்தில் ஒரு மெல்லிய துண்டைச் சுற்றியிருந்தான். அந்தத் துண்டுக்குள் இருப்பதுதான் அக்காவின் எலிகளுக்கு இருப்பதும். ஒருமுறை வந்து, மருந்தில் அடங்கி, மறுபடி வந்து, இன்னொரு மருந்தில் அடங்கி, மூன்றாம் முறையாக வந்திருக்கிறது. மருத்துவமனையில் அவனுக்கென்று மிச்சம் இருந்தது ஒரே ஒரு மருந்துதான். அதுவும் போன வாரம் முதல் ஏறிக்கொண்டிருந்தது.

“என்ன எலிக்காரி, மூஞ்சி நசுங்கின டப்பா மூடி மாதிரி இருக்கு?”

“மருந்தை நிறுத்தறாங்கடா. எலிங்களை முடிக்கச் சொல்லிட்டாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“கையெழுத்துப் போட மாட்டேன்னேன்.”

“அப்படிப் போடு!” என்று தொடையில் தட்டினான். தட்டியதில் இருமல் வந்து, இருமி முடித்து, கண்ணில் தண்ணீரோடு மறுபடி சிரித்தான். “காரணம் என்ன சொன்னே?”

“காரணம் இன்னும் கிடைக்கல.”

“அது போதும். சிக்னல் விழறதுக்கு முன்னாடி வண்டி மூக்கை நுழைச்சுடணும். அப்புறம் யாரும் நகத்த முடியாது.”

அம்மா சமையலறைக் கதவிலிருந்து கையை ஆட்டினாள். இருவரையும் குரலைக் குறைக்கச் சொல்கிறாளாம். அந்த வீட்டில் நோயின் பெயரை யாரும் சொல்லக் கூடாது. ‘அது’ என்றுதான் சொல்லவேண்டும், அதையும் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சொல்லவேண்டும். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிட்டால் அம்மாவுக்கு உலகமே கவிழ்ந்துவிடும். மகளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய், குழாயைத் திறந்து விட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் கேட்டாள்.

“அந்த மருந்து உங்க ஆபீஸ்ல இன்னும் இருக்குல்ல?”

“இருக்கு.”

“எப்படியும் கொட்டத்தானே போறாங்க? கொஞ்சம் எடுத்துட்டு வாயேன்டி.”

இந்தக் கேள்வியை எலிக்காரி தனக்குத் தானே கேட்டுக்கொள்ளாத நாளில்லை. குளிர்ப்பெட்டியின் கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பழுப்புக் குப்பி அவளைப் பார்க்கும்.

“மனுஷனுக்கு எவ்வளவு குடுக்கணும்னே யாருக்கும் தெரியாதும்மா. ஈரலைத் தின்னுடுமா, சிறுநீரகத்தைத் தின்னுடுமான்னு ஒண்ணும் தெரியாது. எலிக்கே வேலை செய்யுதான்னு சண்டை நடக்குது. நானே என் கையால குடுத்து அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?”

“ஒண்ணும் ஆகாது. நீ படிச்சவ.”

“படிச்சதாலதான் சொல்றேன்.”

“அம்மா, நான் எலி இல்லம்மா!” என்று ஜன்னலோரத்திலிருந்து குரல் வந்தது. தண்ணீர்ச் சத்தமாவது ஒன்றாவது. பாம்புக்காது அவனுக்கு.

அம்மா குழாயை மூடிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எலிக்காரி வெளியே வந்து தம்பிக்கு எதிரில் உட்கார்ந்தாள். கண் தானாகத் துண்டுக்குப் போயிற்று. எலியின் கழுத்தை இரண்டு விரலால் தடவி, கடுகளவு நெறி இருந்தாலும் சொல்லிவிடுகிற விரல்கள் அவளுடையவை. அந்த விரல்களைத் தம்பி தன் கழுத்துப் பக்கம் ஒருநாளும் விட்டதில்லை.

“அங்க என்ன பார்வை? அதைப் பாக்க டாக்டர் இருக்கார். நீ உன் எலியைப் பாரு.”

மறுநாள் காலை எலியைப் பார்க்கத்தான் போனாள். எலிக்கூடம் அடித்தளத்தில் இருந்தது. தலைக்குத் தொப்பி, வாய்க்கு மறைப்பு, காலுக்கு உறை, உடம்புக்கு நீல அங்கி எல்லாம் மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக முடியும். கூடத்தின் பொறுப்பாளர் பருத்த ஓர் அம்மாள். எலிகளை விடுதிப் பிள்ளைகள் மாதிரி அதட்டி வளர்ப்பதால் எல்லோருக்கும் அவர் வார்டன்.

“பெட்டியைக் கழுவி வைக்கவா, டாக்டர்?” என்றார் வார்டன். பெட்டி என்றால் வாயுப் பெட்டி.

“வேண்டாம். நான் சும்மா உக்காந்திருக்கப் போறேன்.”

ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அடுக்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். கண்ணாடி மாதிரித் தெரிகிற கூண்டுகள், உள்ளே மரத்தூள், காகிதத் துணுக்குகளில் கூடு. ஒவ்வொரு கூண்டிலும் மருந்து எலிகளும் மருந்தில்லாத எலிகளும் கலந்து இருந்தன. காதில் மாட்டிய சின்ன எண்ணை வைத்துத்தான் எது எது என்று தெரியும், எலிக்காரிக்கு அது மனப்பாடம். கலந்து வைத்தது அவளுடைய யோசனை. அதற்கு முந்தைய பரிசோதனையில் மருந்து எலிகள் மேல்தட்டிலும் மற்றவை கீழ்த்தட்டிலும் இருந்தன. முடிவு வந்தபோது, மேலே வெளிச்சம் அதிகம், காற்று அதிகம், அதனால்தான் வித்தியாசம் என்று ஆளாளுக்குக் குடைந்து எடுத்துவிட்டார்கள். இந்தமுறை ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் ஒரே கூண்டு, ஒரே காற்று, ஒரே தீனி என்று ஏற்பாடு செய்தாள். அப்பழுக்கு இல்லாமல் செய்யவேண்டும் என்ற வெறி. துறைத்தலைவியே மெச்சினார்.

நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மருந்து எலி கூட்டிலிருந்து வந்து, ஓரத்தில் புழுக்கை போட்டுவிட்டுப் போயிற்று. பின்னாலேயே மருந்தில்லாத எலி ஒன்று வந்தது. அந்தப் புழுக்கையை இரண்டு கையாலும் எடுத்து, உட்கார்ந்து, அக்கறையாகத் தின்றது.

எலிக்கு இது கெட்ட பழக்கம் இல்லை. ஒருமுறை குடல் வழியாகப் போனதை இன்னொரு முறை தின்று மிச்சச் சத்தை எடுத்துக்கொள்ளும். எலி வளர்க்க வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தருகிற விஷயம். அவ்வளவு தெரிந்த விஷயமாக இருப்பதால் யாரும் அதை நினைப்பதே கிடையாது.

எலிக்காரி முக்காலியிலிருந்து எழுந்தாள். பாதி மருந்து உடம்பில் ஒட்டாமல் புழுக்கையில் வெளியே வருகிறது. அந்தப் புழுக்கையை மற்றது தின்கிறது. அப்படியென்றால் அந்தக் கூண்டுகளில் மருந்தில்லாத எலி என்று ஒன்று இல்லவே இல்லை.

“ஐயோ, மடச்சி! மடச்சி!” என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“யாரைத் திட்றீங்க?” என்று வார்டன் ஓடிவந்தார்.

“என்னைத்தான். நல்லா திட்டிக்கறேன், விடுங்க.”

அன்றைக்கே மருந்தில்லாத எலிகளிடமிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மேல்மாடியில் மருந்தை அளக்கிற கருவிக்கு அனுப்பினாள். மருந்து இருந்தது. கொஞ்சூண்டுதான், ஆனால் இருந்தது. காகிதத்தை எடுத்துக்கொண்டு துறைத்தலைவியின் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனாள்.

துறைத்தலைவி இரண்டு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

“துளிதான் இருக்கு. துளி இருந்தா நோய் நின்னுடும்னு யார் சொன்னா? இனம் நீர்த்துப் போனதும் உண்மையா இருக்கலாம், புழுக்கையில துளி மருந்து போனதும் உண்மையா இருக்கலாம்.”

“பிரிச்சு வெச்சா தெரிஞ்சுடும் மேடம். மருந்து எலி தனிக் கூண்டு, மருந்தில்லாதது தனிக் கூண்டு. இனம் நீர்த்துப் போயிருந்தா மருந்தில்லாத பக்கம் நல்லாவே இருக்கும். இந்தத் துளியாலதான் தப்பிச்சுதுன்னா, துளி நின்னதும் கட்டி வரும். புது எலி வேண்டாம், புதுசா எதுவும் வேண்டாம். இருக்கறதைக் கொல்லாம இருந்தா போதும்.”

“கலந்து வெச்சது யாரு?”

“நான்தான். தப்பு என்னோடது. என் தப்புக்கு மருந்தை ஏன் கொல்றீங்க?”

துறைத்தலைவி காகிதத்தை மேஜையில் வைத்தார். பிறகு, குரலை இறக்கி, கெட்ட எண்ணம் இல்லாமல்தான், அதைச் சொன்னார்.

“உன் தம்பி விஷயம் எனக்குத் தெரியும். நீ இதை அவனுக்காகப் பண்றே. ஆசை இருக்கறவங்க கண்ணுக்கு எல்லாமே ஆசைப்பட்ட மாதிரிதான் தெரியும்.”

எலிக்காரிக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆமா. தம்பிக்காகத்தான் பண்றேன். அதனால புழுக்கை பொய்யாயிடுமா? நீங்க வேலையில சேந்தது யாருக்காகன்னு நான் கேட்டேனா? என் கண்ணை நம்பாதீங்க, என் கையை நம்பாதீங்க. நீங்களே வந்து தொட்டுப் பாருங்க. எந்தக் கூண்டு எந்தப் பக்கம்னு உங்களுக்குச் சொல்ல மாட்டேன். உங்க விரலுக்கு ஆசை கிடையாதுல்ல? அது சொல்லட்டும்.”

“அனுமதி முடிஞ்சு போன பரிசோதனை இது. விலங்குக் குழு கூடட்டும், அவங்க சொல்லட்டும்” என்று துறைத்தலைவி கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

கூடாது என்று சொல்லவில்லை அல்லவா, அது போதும் எலிக்காரிக்கு. நேராக அடித்தளத்துக்கு இறங்கினாள்.

“எல்லாக் கூண்டையும் பிரிக்கணும்” என்றாள் வார்டனிடம்.

வார்டன் இடுப்பில் கையை வைத்தார். “சண்டை போட்டுக் கடிச்சுக்கிட்டா பிரிக்கலாம், டாக்டர். அதுக்கு யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல. இதெல்லாம் பொண்ணுங்க, அடக்கமா இருக்குதுங்க. சண்டை போட்டுச்சுன்னு சொல்லுங்க, இப்பவே பிரிச்சுடலாம்.”

பொய் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நாளைக்கு இந்த முடிவை யாராவது குடையும்போது, முதல் கல்லே பொய்யாக இருந்ததென்று சொல்லிவிடுவார்கள்.

“சண்டை போடல. எலிங்க சமத்தாதான் இருக்கு. சண்டை போடறது நான். அப்படியே எழுதிக்குங்க.”

வார்டன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “எழுதினா எனக்குத் திட்டு விழும்.”

“விழும்.”

“விழட்டும் போ. திட்டு வாங்கி எத்தனை நாளாச்சு” என்று சொல்லிக்கொண்டே வார்டன் புதுக் கூண்டுகளை எடுக்கப் போனார்.

அன்று மாலைக்குள் புதிய மரத்தூள், புதிய கூடு, இந்தப் பக்கம் மருந்து எலிகள், அந்தப் பக்கம் மற்றவை. எலிக்காரி மாடி ஏறிப்போய், “பிரிச்சுட்டேன் மேடம்” என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டு வந்தாள். ஒளித்துச் செய்தாள் என்று ஒருத்தரும் சொல்லக் கூடாது.

விலங்குக் குழு கூடுவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்த நாட்களில் துறைத்தலைவி மின்தூக்கியில் அவளைப் பார்த்தால் எண் பலகையைப் படிப்பார். அறைக்காகக் காத்திருந்த குழுவினர் நடைபாதையில் முணுமுணுத்தார்கள். எலிக்காரி எந்த எலியையும் தொடவில்லை. மருந்து ஊட்டுகிற வேலையைக்கூட வார்டனிடம் விட்டுவிட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கூண்டுகளுக்கு முன்னால் நடப்பாள். விரல்கள் அரித்தன. ஒருநாள் மருந்தில்லாத பக்கத்தில் ஒன்று மூலையில் போய் உட்கார்ந்ததைப் பார்த்தாள். நெஞ்சு துள்ளியது. துள்ளிய நெஞ்சை அடுத்த நொடியே திட்டினாள். அந்தப் பிராணி நோயில் விழுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஜென்மம் ஆகிவிட்டோமே என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதே வாரத்தில் தம்பியின் கடைசி மருந்தும் கைவிட்டது. மருத்துவர் நல்ல மனிதர். இனி வலிக்கு மட்டும் கொடுக்கலாம் என்று, அக்கா, தம்பி இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தே சொன்னார். திரும்பி வரும்போது தம்பி பேருந்தில்தான் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து, “பிரேக்கை ஏன்பா இப்படி மிதிக்கறே, பாவம்” என்று வழியெல்லாம் அந்த ஆளை வறுத்தெடுத்தான்.

குழு கூடுவதற்கு முதல் நாள் பகலில், எலிக்கூடத்தின் கதவு திறந்தது. தொப்பியும் மறைப்புமாக வந்தது யார் என்று ஒரு கணம் தெரியவில்லை. பிறகு கண்ணாடி தெரிந்தது.

“நாளைக்கு நான் பேசணும். பாக்காம பேசற பழக்கம் எனக்குக் கிடையாது” என்றார் துறைத்தலைவி. கையுறையை மாட்டிக்கொண்டார். “வார்டன், கூண்டுச் சீட்டை எல்லாம் மறைங்க. கூண்டு வரிசையைக் கலைச்சு வைங்க. நீ வெளிய போ.”

“நான் மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கறேன். வெளிய போக மாட்டேன்.”

“சரி, நில்லு.”

வார்டன் கூண்டுச் சீட்டுகளின் மேல் காகிதம் ஒட்டினார், கூண்டுகளைத் தாறுமாறாக மாற்றி அடுக்கினார். ஒவ்வொரு எலியாக எடுத்துக் கொடுக்கவும், காது எண்ணையும் பதிலையும் குறிக்கவும் அவரே நின்றார். எலிக்காரி ஈரம் பூத்த வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் கீச்சென்று ஒரு சத்தம், பிறகு அமைதி, பிறகு துறைத்தலைவியின் குரல்.

“இருக்கு.”

மறுபடி கீச். மறுபடி அமைதி.

“இருக்கு. அக்குள்லயும் இருக்கு.”

“இல்ல.”

“இல்ல.”

“இருக்கு.”

அந்தக் குரலில் ஆசையும் இல்லை, வெறுப்பும் இல்லை. எலிக்காரி ஒவ்வொரு ‘இருக்கு’வுக்கும் எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று மனதுக்குள் அடித்துக்கொண்டாள். இனம் நீர்த்துத்தான் போயிருந்தால்? இந்த ‘இருக்கு’ எல்லாம் இரண்டு பக்கமும் சமமாகச் சிதறியிருந்தால்? அப்போது நாளைக்கு அவளே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போடவேண்டும். போடத்தான் போகிறாள், அதற்கும் அவள் தயாராகத்தான் வந்தாள்.

“முடிஞ்சுது. காகிதத்தைப் பிரிங்க” என்றார் துறைத்தலைவி.

எலிக்காரி திரும்பினாள். வார்டன் சீட்டுகளின் மேல் ஒட்டியதைக் கிழித்துக்கொண்டே வந்தார். மருந்தில்லாத பக்கத்தில் ஒன்றே ஒன்று தவிர எல்லாவற்றுக்கும் கட்டி. மருந்துப் பக்கத்தில் இரண்டுக்குக் கட்டி, மற்றவை சுத்தம். அப்படியே வெட்டிப் பிரித்த மாதிரி இல்லை, உயிர் உள்ள எதுவும் அப்படி இருக்காது. ஆனால் கண் உள்ளவர்களுக்கு அது போதும்.

துறைத்தலைவி கண்ணாடியைக் கழற்றப் போனார். கையுறை ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

“முறையா இன்னொரு தடவை செய்யணும். ஆரம்பத்துல இருந்தே தனித்தனிக் கூண்டு. மேல்தட்டு கீழ்த்தட்டு மாத்தி மாத்தி வைக்கணும். தொட்டுப் பாக்கறவங்களுக்கு எதுவும் தெரியக் கூடாது.”

“செய்வோம் மேடம்.”

“அறையை அவங்களுக்குக் குடுக்கறதா இல்லன்னு நானே சொல்லிக்கறேன்.” கதவு வரைக்கும் போனவர் நின்றார். “அன்னிக்கு உன் தம்பியை இழுத்திருக்கக் கூடாது.”

“இழுத்ததுல தப்பில்ல மேடம். அவன் இதுல இருக்கான்தானே.”

வீட்டுக்கு வந்தபோது தம்பி ஜன்னலோரம்தான் இருந்தான். உடம்பு நாற்காலிக்குள் பாதியாகக் குறைந்திருந்தது. வாய் மட்டும் குறையவில்லை.

“யாரு ஜெயிச்சா?”

“மருந்து.”

“பாத்தியா!” என்று தொடையில் தட்டினான். இப்போது சத்தம் வரவில்லை. “அந்தப் பக்கம் என்ன ஆச்சு? மருந்து இல்லாத பக்கம்?”

எலிக்காரி பையை ஓரமாக வைத்தாள், செருப்பை நேராக வைத்தாள்.

“கேக்கறேன்ல.”

“கட்டி வந்துடுச்சு. கிட்டத்தட்ட எல்லாத்துக்கும்.”

“அதுங்களுக்கு வந்ததாலதானே உன் மருந்து வேலை செய்யுதுன்னு ஆச்சு?”

“ஆமா.”

“மனுஷனுக்கு எப்போ வரும்?”

“மறுபடி எலி. அப்புறம் வேற பிராணி. அப்புறம் நல்ல உடம்புக்காரங்க கொஞ்சம் பேர், அப்புறம்தான் நோயாளிங்க. வருஷக்கணக்கா ஆகும்டா.” குரல் உடைந்தது. அதை மறைக்க அவள் முயலவில்லை. “உனக்கு வராது. என்னால முடியல. ஒத்தைக்கால்ல நின்னும் முடியல.”

“அழாத. நான் கணக்குப் போட்டுட்டுதான் கேட்டேன்.” அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். கீழே ஒரு பேருந்து நிறுத்தத்தில் நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. “அப்போ நான் மருந்து இல்லாத பக்கம்.”

“டேய்.”

“என்ன டேய்? ஒரு பக்கம் குடுக்காம வெச்சாதான் இன்னொரு பக்கத்துக்கு அர்த்தம்னு நீதானே வருஷக்கணக்கா உயிரை வாங்கினே? மருந்து வந்தப்புறம் பொழைக்கப் போறவன் இருக்கானே, அவன் எதை வெச்சு பொழைச்சேன்னு சொல்லுவான்? என்னை வெச்சுதானே? நான் வாங்காம செத்தது சும்மா செத்ததா இருக்கக் கூடாது. என்னை விட்டுட்டு எண்ணாத.”

கழுத்துத் துண்டை அவனே அவிழ்த்தான். அவள் கையை எடுத்து, அந்த இரண்டு விரலையும் தாடைக்குக் கீழே கொண்டுபோய் வைத்தான். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

“பாரு. அந்த மேடம் சொன்ன மாதிரி சொல்லு. முணுமுணுக்காத.”

அம்மா சமையலறையிலிருந்து வந்து ஜன்னல் கதவின் மேல் கை வைத்தாள்.

“திறந்தே இருக்கட்டும்மா” என்றான்.

அம்மாவின் கை கதவிலேயே இருந்தது, சாத்தவில்லை. விரலுக்கு அடியில் அது கெட்டியாக, வரிசையாக, காதுமடல் வரைக்கும் இருந்தது.

“இருக்கு” என்றாள் எலிக்காரி, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற குரலில்.